முள்ளெடுக்கும் விரல்கள்

கிடார் கம்பியை மீட்டும் பிக் தரையில் விழும் சத்தம் மிகச் சிறியது. சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று விழுந்தால் கேட்கும் அளவுக்குத்தான் இருக்கும். அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த வித்யாலட்சுமிக்கு, குக்கர் சீறிக்கொண்டிருந்தபோதும், அது கேட்டது.

இன்று காலையில் இது நான்காவது முறை.

பால்கனியில் கிடார் நின்றுபோனது. நாற்காலி முனகியது. "சே" என்று அவள் கணவர் மகேஸ்வரன் சொன்னார். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் அவளைப் பதற வைத்தது. புளித்தண்ணீரில் கையை வைத்தபடியே காத்திருந்தாள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அதே வரி. அதே இடத்தில் தடுமாற்றம்.

மூன்று மாதத்துக்கு முன் ரயில்வே ஆபீசர்ஸ் கிளப் நிகழ்ச்சியில் அவர் விரலிலிருந்து பிக் நழுவி, முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய அதிகாரியின் டீக்கோப்பைக்குள் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ரயில்வே இசைக் குழுவில் கிடார் வாசிப்பவர். வலது கை லேசாக நடுங்குகிறது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். அவளிடம் சொல்லவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தபோது அவளாகவே தெரிந்துகொண்டாள்.

மகேஸ்வரனின் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் அந்த நடுக்கம் வந்தது. நெற்றிக்குப் போவதற்குள் விபூதி முழுவதும் உதிர்ந்துவிடும். கடைசி இரண்டு வருடம் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது மகேஸ்வரன்தான். இப்போது மகேஸ்வரனுக்கு ஐம்பத்தாறு.

போன ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. பவானிபூரில் ஒரு நரம்பு டாக்டர். வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை. அவள் அதை இருந்தபடியே மடித்து, அடுத்த நாள் அவர் போட்டுக்கொள்ளவிருந்த சட்டையின் பையில் வைத்துவிட்டாள். அவர் அதைப் பார்த்திருப்பார். சீட்டு தானாகச் சட்டை மாறாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்து நாள் ஆகிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை.

மகள் சாதனா தலையைத் துவட்டிக்கொண்டே பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றாள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் அவள் வாயில் வேகமாக வரும். அக்கம்பக்கத்து அத்தைகளெல்லாம் அவளுக்கு 'காக்கிமா'தான். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

"அப்பா, எதிர் வீட்டு காக்கிமா கேக்கறாங்க. உங்கப்பா ஒரு லைன் வாசிக்கறார், அப்பறம் 'சே'ன்னு சொல்றார், அதுவும் பாட்டுல வருதான்னு."

மகேஸ்வரன் சிரிக்கவில்லை. காலாவதியான மெட்ரோ கார்டிலிருந்து அவரே வெட்டிய பிக் அது. நழுவக் கூடாது என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றும் சேர்ந்து அதை நெருக்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரலின் மூட்டு உள்ளே மடங்கி, நகம் வெளுத்திருந்தது. ஆபீசில் கோப்புகளில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அப்படித்தான் அழுத்துவார். அடியில் இருக்கும் மூன்று தாளிலும் தடம் பதியும்.

"அதை நெரிக்காதீங்கன்னு போன மாசமே சொன்னேன்," என்றாள் சாதனா.

போன மாதம் அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. இப்போதும் கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கியது. இடது கையால் இழுத்தார்.

அந்த இடது கையைத்தான் வித்யாலட்சுமி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"சாயந்திரம் வர நேரமாகும்," என்று சொல்லிவிட்டுப் போனார். "நாலு மணிக்கு ஒத்திகை இருக்கு. அதுக்கப்பறமும் கொஞ்சம் சோலி."

"சரி," என்றாள் அவள்.

ரயில்வே குடியிருப்பிலிருந்து கார்டன் ரீச் தலைமை அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். மழை விட்டிருந்தது. கிடார் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. வழியில் இரண்டு முறை நின்று வலது கையை நீட்டிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இருந்ததால், மழை பெய்கிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டார்.

அலுவலகத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு கடிதத்தை மூன்று முறை படித்தும் யாருக்கு எழுதியது என்று மனதில் நிற்கவில்லை. ஆறரை மணி என்பது கடிகாரத்துக்குள் எங்கோ உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தது. டாக்டர் என்ன சொல்லுவார் என்பதை அவரே பல குரல்களில் சொல்லிப் பார்த்துவிட்டார். எல்லாக் குரலும் கடைசியில் அம்பாசமுத்திரத்து வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானோடு போராடும் ஒரு மனிதரிடம்தான் போய் முடிந்தது.

ஒரு மணிக்கு நிமாய் பாபு டிபன் டப்பாவைத் திறந்தார்.

இருவருக்கும் எதிரெதிர் மேஜை. பத்தொன்பது வருடமாக. நிமாய் டப்பாவைத் திறக்கும்போது மகேஸ்வரன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். மீன் வாசனை பழகிவிட்டது. தட்டைப் பார்ப்பதுதான் பழகவில்லை. அதில் அருவருப்பைக் காட்டியதும் இல்லை, நிமாய் வருத்தப்பட்டதும் இல்லை. மகேஸ்வரன் ஆற்றையும் கப்பல் தளத்துக் கிரேனையும் பார்த்துத் தயிர்ச்சாதம் சாப்பிடுவார். நிமாய் அவருடைய காதைப் பார்த்துப் பேசுவார். ஒரு நாளின் ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று.

இன்று மகேஸ்வரன் நாற்காலியைத் திருப்ப மறந்துபோனார். மேஜை மேல் கிடந்த தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ பார்வை அங்கிருந்து நகர்ந்து எதிர் மேஜைக்குப் போயிருக்க வேண்டும்.

மழைக்காலத்து இலீஷ் மீன். கடுகு அரைத்த மஞ்சள் குழம்பு. அதற்குள் நிமாயின் விரல்கள் மெதுவாக நடமாடின. நிமாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. கோப்பைப் படிக்கவே தாளை மூக்குக்குக் கொண்டுபோவார். ஆனால் இப்போது அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரல் சற்று வளைந்திருந்தது. அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் சும்மா சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு முள் எழுந்து வந்தது. நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அது தட்டின் ஓரத்துக்குப் போனது. இன்னொன்று வந்தது. ஒன்றுகூட ஒடியவில்லை. நழுவவும் இல்லை. நகம் வெளுக்கவில்லை.

கதை சொல்லிக்கொண்டிருந்த நிமாய் பாதியில் நின்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகக் காதுக்குப் பதில் முகம் தெரிந்ததும் திகைத்துப்போனார். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

இவ்வளவு சிறியதை எப்படி இவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறீர்கள் என்று மகேஸ்வரன் இந்தியில் கேட்டார்.

"நான் எங்கே பிடிக்கிறேன், மொஹேஷ் பாபு? பிடித்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தது நேரே தொண்டைக்குத்தான் போகும். விரலுக்கு நடுவில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்."

சொல்லிவிட்டு இன்னொரு முள்ளை எடுத்துக் காட்டினார்.

மகேஸ்வரன் தயிர்ச்சாதத்தை மூடினார். கை கழுவிவிட்டு வந்து பையிலிருந்து பிக்கை எடுத்தார். பிளாஸ்திரியை உரித்தார். பசை பிசுபிசுத்தது. கைக்குட்டையால் துடைத்தார். ஆள்காட்டி விரலை உள்ளே வளைத்து, முதல் மூட்டின் பக்கவாட்டில் பிக்கைப் படுக்க வைத்து, மேலே கட்டைவிரலை மடக்காமல் குறுக்கே சாய்த்தார். நடுவிரலுக்கு வேலை இல்லை. அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அரிசி மணி நீளத்துக்கு நுனி வெளியே தெரிந்தது. இது விழுந்துவிடும் என்று தோன்றியது. உடனே விரல் இறுகியது. அவர் அதைத் தளர்த்தினார். மறுபடி இறுகியது. அவர் சொல்லாமலே அது இறுகிக்கொண்டது.

கோப்பு கட்டும் நாடாவின் ஒரு நுனியை மேஜை இழுப்பறையின் பிடியில் கட்டி, மறு நுனியைக் காலுக்கடியில் மிதித்து இழுத்துக்கொண்டு, அந்த நாடாவில் மேலும் கீழுமாக உரசிப் பார்த்தார். பிக்கை நேராகக் குத்தினால் சிக்கியது. சற்றுச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. நாடாவைத் தொடும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் விரல் சேர்ந்தால் போதுமாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கலாம்.

நிமாய் பாபு தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்கள் சாப்பாட்டு நேரத்தை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை," என்றார்.

நான்கு மணிக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒத்திகை. ரயில்வே மண்டலங்களுக்கு இடையிலான இசைப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்கான இசையை அமைத்தது ஜெயப்ரியா. பர்சனல் பிரிவில் வேலை, குழுவில் கீபோர்ட். முப்பது வயதுதான், ஆனால் எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டாள். போன வாரம், கிடாருக்கான வேகப் பகுதியை வயலினுக்கு மாற்றட்டுமா சார் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்தார்.

முதல் சுற்றில் பிக் விரலுக்குள் திரும்பியது. அவர் அழுத்தவில்லை. கட்டைவிரல் அதைத் தன் போக்கில் பழைய இடத்துக்குத் தள்ளியது. இரண்டு ஸ்வரம் தவறியது. இரண்டாவது சுற்றில் ஒன்றுதான் தவறியது. மணிக்கட்டு கதவுக் கீல்போல அசைந்தது. முழங்கை சும்மா இருந்தது. மூன்றாவது சுற்றில் அவர் எதிர்ச்சுவரில் மழை ஊறிய கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையைப் பார்க்கவில்லை என்பது வேகப் பகுதி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஜெயப்ரியா கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நீட்டினாள்.

"வயலினுக்கு வேற ஏதாவது எழுதிக்கறேன், சார்."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஐந்தேமுக்காலுக்கு மகேஸ்வரன் பஸ் நிறுத்தத்தில் நின்றார். பவானிபூரை அடுத்த ஹாஜ்ராவுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. கையை நீட்டிப் பார்த்தார். கை அசையாமல் இருந்தது. இவ்வளவு நேரம் வாசித்ததால் அப்படியா, அல்லது நிஜமாகவே ஒன்றுமில்லையா? அழுத்தியதால்தான் நடுங்கியது, நடுங்கியதால்தான் அழுத்தினோம். எவ்வளவு எளிய விஷயம். அதற்குப் போய் டாக்டர் எதற்கு? அடுத்த பஸ் வந்தது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி கிதர்பூர், ஹாஜ்ரா என்று அவரைப் பார்த்தே கூவினான். பையிலிருந்த சீட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பஸ் போனது. அவர் வீட்டை நோக்கி நடந்தார். கிடார் இப்போது தோளில் இடிக்கவில்லை.

அதே நேரத்தில் வித்யாலட்சுமி பவானிபூரில் அந்தக் கிளினிக்கின் கதவுக்கு அருகே உட்கார்ந்திருந்தாள்.

லேக் மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போவதாக சாதனாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அவர் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தாள். கடைசியில், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். அவர் வரும்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆறேகால். கதவு திறக்கும்போதெல்லாம் பையைத் தொட்டாள். ஆறு முப்பத்தைந்து. யார் யாரோ வந்தார்கள். ஒரு வயதான பெண்மணி அந்த நாற்காலி காலியா என்று கேட்டபோது, இல்லை, ஆள் வருகிறார் என்று வங்காளத்தில் சொன்னாள். ஆறு ஐம்பதுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து மகேஸ்வரன் என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

வித்யாலட்சுமி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. வீட்டுச் சாமான் சீட்டை மாதாமாதம் எழுதுவது அவர்தான். வாங்கி வந்ததும் அவள் அதை மளிகை டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிடுவாள். ஒன்று போன வருடம் பொங்கலுக்கு எழுதியது. மற்றது இந்த மாதம் எழுதியது. பழையதில் எழுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே அளவு. புதியதில் துவரம் பருப்பு பெரிதாக இருந்தது. கீழே இறங்க இறங்க எழுத்து குறுகிக்கொண்டே போய், கடைசியில் சீரகத்தைக் கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். காகிதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். நடுக்க நோய் வந்தவர்களுக்குப் போலவே, பயந்து பேனாவை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கும் எழுத்து இப்படிக் குறுகும். இது அந்த நோயாகவும் இருக்கலாம், வெறும் பயமாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை அவரை அழைத்து வாருங்கள். அதற்குள், கை தளர்வாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து, காரணம் சொல்லாமல் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள்.

காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள்.

எட்டு மணிக்கு மாடிப்படியில் ஏறும்போதே கிடார் கேட்டது. அவள் படியின் திருப்பத்தில் நின்றாள். அந்த வேகப் பகுதி. தடுமாறும் இடம் வரப்போகிறது என்று காதைத் தீட்டினாள். இடம் வந்தது, போனது. தரையில் எதுவும் விழவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் விழவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை கேட்டாள்.

எதிர் வீட்டு காக்கிமா கதவைத் திறந்து, இன்றைக்கு உன் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட 'சே' சொல்லவில்லையே என்று வங்காளத்தில் கிசுகிசுத்தாள். வித்யாலட்சுமி சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போனாள்.

"எங்க போயிருந்த?" என்றார் மகேஸ்வரன், கிடாரை மடியில் வைத்தபடி.

"லேக் மார்க்கெட்."

அவர் அவள் கையைப் பார்த்தார். அப்பளமும் இல்லை, சாமான் பையும் இல்லை. கைப்பை மட்டும்தான் இருந்தது.

"உங்க சோலி முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

சாதனா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அப்பா இன்றைக்கு மீனைப் பார்த்து கிடார் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அறிவித்தாள். அவர் சிரித்தார். எத்தனையோ நாள் கழித்துக் கேட்கும் சிரிப்பு. நிமாய் பாபுவின் முள்ளையும், மேஜையில் கட்டிய நாடாவையும், ஜெயப்ரியா சொன்ன ஒரே வாக்கியத்தையும் விரிவாகச் சொன்னார். கையை நீட்டிக் காட்டினார். கை அசையவில்லை. வித்யாலட்சுமி எல்லாவற்றையும் கேட்டாள். இந்த முகத்தை இன்னும் ஒரு நாள் இப்படியே விட்டுவைக்கலாமே என்று நினைத்தாள். நாளைக்கு என்று நினைத்தால் நாளைக்கும் இதையேதான் நினைப்போம் என்றும் தோன்றியது.

மேஜையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு சாதனாவ கடைக்கு அனுப்புதேன். சாமான் சீட்டு எழுதுங்க."

"இப்பவா?"

"இப்ப."

அவர் கிடாரைச் சுவரில் சாய்த்தார். பேனாவை எடுத்து, விரலைத் தளர்த்தி, ஆட்டிப் பார்த்தார். "இனிமே இதையும் இப்பிடித்தான் பிடிக்கணும்," என்றார். "எத்தன சாமான்?"

"பத்து."

பேனா ஒரு கணம் நின்றது.

அவள் சொன்னாள். துவரம் பருப்பு. புளி. நல்லெண்ணெய். ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொல்லும் வேகத்தில்தான் சொல்ல முயன்றாள். அவர் குனிந்து எழுதினார். உள்ளங்கை தாளை மறைத்திருந்தது. மிளகாய் வற்றல். உளுந்து. அவளால் கழுத்தை நீட்டிப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆறாவதாக வெந்தயம் என்றாள். ஏழாவதுக்கு வாய் திறக்கவில்லை.

அவர் நிமிரவில்லை.

"எங்க அப்பாவயும் டாக்டர் பத்து வரிதான் எழுதச் சொன்னார், வித்யா. நான்தான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா சொன்னேன்."

சாதனா எழுந்து நின்றாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பால்கனிக் கதவை யாரும் சாத்தப் போகவில்லை.

அவருடைய கட்டைவிரல் பேனாவின் மேல் சும்மா சாய்ந்திருந்தது. நகம் வெளுக்கவில்லை.

"நிறுத்தாத," என்றார். "ஏழாவது என்ன?"